சிவப்பு வழியில் வந்த அக்கா

எங்கள் விமான நிலையத்துச் சுங்கக் கூடத்தில் இரண்டு வழிகள். வரி கட்டும்படி எதுவும் கொண்டுவராதவர்கள் பச்சை வழியாகப் போய்விடலாம். கொண்டுவந்தவர்கள் சிவப்பு வழியில் வந்து, எங்கள் மேசையில் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டும். தானாகச் சிவப்பில் வருகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு பச்சையில் நடப்பார்கள். நாங்கள் கூப்பிட்டதும் அந்த முகம் போகும் போக்கைப் பார்த்தே எனக்குத் தலை நரைத்துவிட்டது.

என் பக்கத்து மேசை தராசு மேடத்துடையது. தராசு என்பது நாங்கள் வைத்த பெயர். முதலில் முதுகுக்குப் பின்னால்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். ஒருநாள் அவர் காதில் விழுந்துவிட்டது. "நல்ல பேருதான், இருக்கட்டும்" என்றார். கேலியைப் பாராட்டாக எடுத்துக்கொள்கிறவரிடம் யார் என்ன செய்ய முடியும்?

அவரிடம் சலுகை என்ற பேச்சுக்கே இடமில்லை. மேலதிகாரியின் மைத்துனர் பை நிறையக் கைப்பேசிகளோடு வந்து அதிகாரியின் பெயரைச் சொன்னபோது, "ரசீதுல உங்க பேரத்தான் சார் எழுதணும், அதச் சொல்லுங்க" என்றார். அவருடைய கணவர் வெளிநாடு போய்வந்தால் பெட்டியில் அழுக்குத் துணியைத் தவிர வேறு எதுவும் இருக்காது. பாவம், அவருக்கு வீட்டில் நிம்மதியாகச் சாப்பிட வேண்டுமே.

ஆனால் வராத வரியை வாங்கவும் மாட்டார். ஒருமுறை, வருடக்கணக்கில் வெளிநாட்டில் வெல்டிங் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய ஒருவர் கனத்த இரும்புப் பெட்டியோடு என் மேசைக்கு வந்தார். நான் மும்முரமாகக் கணக்குப் போட ஆரம்பித்தேன். தராசு எழுந்து வந்து, "பிடியெல்லாம் தேஞ்சிருக்கு பாருங்க. அவரு பொழப்புக்கு வெச்சிருந்த சாமான். இதுக்கு வரி கிடையாது" என்றார். எனக்குச் சுருக்கென்றது. விதிகளைப் புரட்டிப் பார்த்தேன். வழக்கம்போல அவர் சொன்னதுதான் இருந்தது. அந்த வெல்டர் நன்றியோடு நீட்டிய பிஸ்கட் பொட்டலத்தைக்கூட வாங்காமல், அதையும் பெட்டிக்குள் வைத்து மூடிக் கொடுத்து அனுப்பினார்.

இப்படிப்பட்டவருக்கு ஒரே ஒரு அக்கா. அந்த அக்காவோடு ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. காரணம் ஒரு டிவி.

அக்கா வெளிநாட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் சமையல் வேலை பார்க்கிறார். தங்கை புது வீடு கட்டியதும், அந்த வீட்டுக் கூடத்தில் மாட்டுவதற்கென்று பெரிய டிவி ஒன்றோடு வந்து இறங்கினார். டிவி என்ன விலையானாலும் கண்டிப்பாக வரி கட்ட வேண்டிய பொருள். அது தெரியாமல் அக்கா பச்சைப் பக்கம் வண்டியைத் தள்ள, தராசு கையை உயர்த்தி, "அக்கா, இந்தப் பக்கம் வா" என்று கூப்பிட்டார். தங்கை தனக்கென்று தனி வழி திறந்துவிட்டாள் என்று நினைத்த அக்கா, கூட வந்த பயணிகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு ராணி மாதிரி நடந்துவந்தார். சொந்தக்காரர் பெட்டியை நாங்களே சோதிக்கக்கூடாது என்பதால் ரசீது எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

"உன் வீட்டுக்குக் கொண்டாந்த சாமானுக்கு என்கிட்டயே வரியா?" என்று அக்கா கேட்டார். தராசு ரசீதுப் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தினார். அக்கா வரியைக் கட்டினார். கட்டிவிட்டு நேரே ஒரு ஓட்டலுக்குப் போய், டிவியை அங்கே வரவேற்பில் இருந்தவருக்கே கொடுத்துவிட்டு, கிடைத்த விமானத்தில் ஏறித் திரும்பிவிட்டார்.

"ஒரு மன்னிப்பு கேட்டுத் தொலைங்களேன் மேடம்" என்று நான் சொல்லாத நாளில்லை.

"தப்பு செஞ்சிருந்தா கேப்பேன். செய்யாத தப்புக்கு எப்படிக் கேக்கறது?" என்பார்.

போன மாதம் தராசு மேடத்தின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மகளே பெரியம்மாவுக்குப் போன் போட்டாள். "உனக்காக வரேன். ஓட்டல்ல ரூம் போட்டுட்டேன். உங்கம்மா வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று பதில் வந்தது. அதைக் கேட்ட பிறகும் தராசு வீட்டில் ஓர் அறையை ஒழித்து, புது மெத்தை வாங்கிப் போட்டுவிட்டார்.

"அம்மா போனதுக்கப்புறம் எனக்குன்னு இருக்கறது அவ ஒருத்திதான். அவ ஓட்டல்ல இருந்து கல்யாணத்துக்கு வந்துட்டுப் போனா, என்னால அத தாங்கிக்க முடியாது" என்று டீ குடிக்கும்போது என்னிடம் சொன்னார். குரல் உடைந்திருந்தது. நான் டீயைக் கீழே வைத்தேன்.

"லீவு போட்டுட்டு வெளியில நின்னு கூட்டிட்டுப் போங்க."

"வெளியில நின்னா என்னப் பாத்ததும் டாக்ஸில ஏறிடுவா. உள்ள இருந்தா, பெட்டி வர்ற வரைக்கும் நின்னுதானே ஆகணும்."

அந்த நாளும் வந்தது. விமானம் இறங்கியதிலிருந்து தராசுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு பயணியின் காலணிகளை ஒரே பெட்டிக்குள் இருமுறை அடுக்கினார். அக்கா பெல்ட்டிலிருந்து பெரிய அட்டைப்பெட்டி ஒன்றை இறக்கி, வண்டியில் வைத்து, பச்சைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே சிவப்பு வழியில் வந்தார். தங்கையைத் தாண்டி என் மேசை முன் நின்றார்.

"இதுக்கு வரி போடுங்க" என்றார்.

"என்னம்மா இது?"

"கால் பிடிச்சுவிடற மிஷின். நாள் பூரா நின்னே வேலை பாக்கறவங்களுக்கு." கடைசி வார்த்தைகள் பக்கத்து மேசைக்குக் கேட்கும்படி வந்தன.

"யாருக்கும்மா?"

"யாருக்கோ. அதெல்லாம் கேக்கச் சொல்லி உங்க சட்டத்துல இருக்கா?"

விலைச்சீட்டு பெட்டியின் மேலேயே ஒட்டியிருந்தது. பார்த்தேன். வரியில்லாமல் அனுமதிக்கும் விலை எல்லைக்குள் அடங்கியது. "வரி வரலம்மா, நீங்க போகலாம்" என்றேன்.

அக்காவுக்கு முகம் தொங்கிப்போயிற்று. "எப்படி வராமப் போகும்? எல்லையத் தாண்டணும்னே விலை பாத்து வாங்கினேன். போன தடவ கூப்பிட்டு வாங்கினீங்கல்ல? இந்தத் தடவ யாரும் கூப்பிட வேணாம், நானே கட்டறேன். அவகிட்ட சொல்லுங்க."

கையெட்டும் தூரத்தில்தான் இருவரும் நின்றார்கள். இருந்தாலும் நான் திரும்பி, "மேடம், வரி கட்டியே தீருவேங்கறாங்க" என்றேன்.

தராசு யாருடைய பெட்டிக்குள்ளோ தலையைக் கவிழ்த்துக்கொண்டு, "வராத வரிய வாங்க முடியாதுன்னு சொல்லுங்க" என்றார்.

"வாங்க முடியாதாம்மா."

"எனக்குக் காது கேக்குது. எந்த விதியிலன்னு கேளுங்க." அக்கா மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, பயணிகள் கொண்டுவரும் பொருளுக்கு எவ்வளவு வரை விலக்கு, எதற்கு மேல் வரி என்று மடமடவென்று ஒப்பித்தார். என்னைவிட நன்றாகவே ஒப்பித்தார். தராசுக்கு முன்னால் நின்ற பயணி தன் பெட்டியையே மறந்துவிட்டு வேடிக்கை பார்த்தார்.

தராசுக்கு எதையும் பொறுக்க முடியும், விதியைத் தப்பாகச் சொன்னால் மட்டும் முடியாது. கையிலிருந்ததை அப்படியே போட்டுவிட்டு வந்தார்.

"அது பழைய விதிக்கா. எல்லைய உயர்த்திட்டாங்க, போன வருஷமே."

ஆறு வருடத்துக்குப் பிறகு அக்காவிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு இதுதான்.

"உன்ன யாரு கேட்டா?" என்றார் அக்கா.

"தப்பா சொன்னா எப்படிச் சும்மா இருக்கறது?"

"நான் தப்பா சொன்னேனா?"

"போன வருஷம் வரைக்கும் சரி. இப்ப தப்பு."

நான் பேனாவை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். இனி எனக்கு அங்கே வேலையில்லை.

அக்கா கண்ணாடியைக் கழற்றினார். குரல் இறங்கியது. "அப்ப, அன்னைக்கே இந்தப் புது விதி இருந்திருந்தா, அந்த டிவிக்கு வரி வந்திருக்காதா?"

வந்திருக்காது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வீட்டில் புது மெத்தை காத்திருக்கிறது, மகளுக்குக் கல்யாணம். சொல்லிவிடுங்கள் மேடம் என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். தராசுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"இல்லக்கா. டிவிக்கு இன்னைக்கும் வரி உண்டு. இந்த எல்லை அதுக்குச் செல்லாது."

போச்சு என்று நான் தலையில் கை வைத்தேன்.

"ஆனா எனக்கு அந்த டிவி மேல அவ்வளவு ஆசையா இருந்துச்சுக்கா" என்று தராசு தொடர்ந்தார். "நீ வர்றதுக்கு முன்னாடியே ஆளக் கூப்பிட்டுச் சுவத்துல துளை போட்டு வெச்சிருந்தேன். அன்னைக்கு வீட்டுக்குப் போயி அந்தச் சுவரப் பாத்து அழுதேன்."

அக்கா வண்டியின் பிடியை விட்டுவிட்டுத் தங்கை பக்கம் திரும்பினார். "எனக்காக ஒரு பொய் சொல்லக் கூடாதாடி?"

"பொய் வரலியேக்கா."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "சின்னப் புள்ளையிலயும் இப்படித்தான் சார். ரெண்டு பேரும் சேந்து ஏதாவது செஞ்சா, எங்கம்மாகிட்ட என்னையும் மாட்டிவிட்டு அவளும் மாட்டிக்குவா" என்று என்னிடம் முறையிட்டார். பிறகு தங்கையிடம் திரும்பினார்.

"உனக்கு வேலை எப்ப முடியும்?"

"சாயங்காலம்."

"ஓட்டல் வண்டி வெளியில நிக்கும், போகச் சொல்லிடறேன். சாயங்காலம் வரைக்கும் நான் எங்க உக்காந்திருக்கறது?"

தராசு வாசல் பக்கம் கையைக் காட்டினார். "சோதனை முடிஞ்ச பயணி இங்க இருக்கக் கூடாதுக்கா. வெளியில பெஞ்ச் இருக்கு."

"தெரியும்டி, சொல்லுவேன்னு தெரியும்" என்று சொல்லிவிட்டு அக்கா வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார்.

தராசு தன் மேசைக்குத் திரும்பி, பாதியில் விட்ட பெட்டியை முடித்தார். இன்னொன்றையும் முடித்தார். கண் மட்டும் வாசல் கண்ணாடியிலேயே இருந்தது. பிறகு என்னிடம் வந்து, ரகசியம் கேட்பவர் மாதிரி, "சீக்கிரம் போறதுக்குப் பர்மிஷன் எழுதணும்னா, அந்த ஃபாரம் எங்க இருக்கும்?" என்றார்.

சுங்க விதிகள் அத்தனையும் தலைகீழாகத் தெரிந்தவருக்கு இது தெரியவில்லை. என் மேசையில் அந்த ஃபாரம் எப்போதும் கட்டாக இருக்கும். நான் அடிக்கடி எடுப்பவன். ஒன்றை உருவிக் கொடுத்தேன். பெயரை எழுதினார், நேரத்தை எழுதினார், காரணம் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

"சொந்த வேலைன்னு எழுதுங்க. எல்லாரும் அதத்தான் எழுதுவோம்" என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, 'அக்கா வெளியே காத்திருக்கிறார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.