மண்டூருக்குத் தோணியில் போனதும் வாய் கட்டிய பெரிய டொக்டரும்

மட்டக்களப்பு வாவியைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் என்னிடம் வழி கேட்டபடி இருக்கிறீர்கள். வழி சொல்கிறேன். ஆனால் நான் போனது அறுபதுகளின் நடுவில், அதுவும் ஊர் பார்க்க அல்ல. அதனால் கூடவே ஒரு கதையும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது கொழும்பில் பிள்ளைகளுக்கான பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை பழகிக்கொண்டிருந்தேன். பழகினேன் என்று பெயர்தான், செய்ததெல்லாம் நூல் வெட்டுகிற வேலை. எங்கள் பெரிய டொக்டருக்குக் கை தங்கம், வாய் மட்டும் ஓயாது. கத்தியை எடுத்தால் கீழே வைக்கும்வரை மூன்று மொழியிலும் திட்டுவார். பிளந்த உதட்டை இணைக்கும்போது, உதட்டுச் சிவப்பும் தோலும் சந்திக்கிற வரம்பில் ஒரு தையல் வரும். அதை ஒருவருக்கும் கொடுக்கமாட்டார். ஒரு நூல் விலகினாலும் பிள்ளை சிரிக்கிற நேரமெல்லாம் அது காட்டிக்கொடுக்கும் என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்.

அவர் மட்டக்களப்புக்கு ஒரே ஒரு நாள் வந்து சத்திரசிகிச்சை செய்வதாக ஏற்பாடு. பிள்ளைகளைச் சேர்த்து வைக்க என்னை முன்னே அனுப்பினார். இரவு மெயில் ரயிலில் ஏறினால் விடியற்காலையில் மட்டக்களப்பு. "அங்கே மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள், திரும்பி வரவிடமாட்டார்கள், கவனம்" என்று யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா எழுதியிருந்தார். நானோ போய் இறங்கிய அன்றே பாயில் உட்கார்ந்து இரண்டு கோப்பை தயிர் சாப்பிட்டேன்.

பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள், ஒருத்தியைத் தவிர. மண்டூருக்கு அப்பால் ஏழு மாதப் பெண்பிள்ளை ஒன்று மேலுதடு பிளந்து பிறந்திருப்பதாகவும், தாய் பூரணம் கொண்டுவர மறுப்பதாகவும் அந்தப் பகுதியில் பிரசவம் பார்க்கும் மருத்துவமாது சொல்லி அனுப்பியிருந்தார். பெரிய டொக்டர் மறுநாள் வருகிறார். திரும்ப எப்போது வருவார் என்பது அவருக்கே தெரியாது. இந்த முறை தவறினால் அந்தப் பிள்ளை எத்தனை வருடம் அப்படியே இருக்குமோ என்று நினைத்து, நானே போய்க் கூட்டிவரப் புறப்பட்டேன்.

அன்றே காலை ஆறரை பஸ்ஸில் ஏறினேன். கல்லடிப் பாலம், காத்தான்குடி, களுவாஞ்சிகுடி தாண்டிக் குருமண்வெளித் துறை வரை பத்தொன்பது மைல். பஸ்ஸுக்குத் தொண்ணூறு சதம், தோணிக்குப் பத்துச் சதம். தோணியின் விளிம்பைப் பிடித்தபடி நான் நின்றதைப் பார்த்த ஓட்டி ஊரை விசாரித்தார். சொன்னேன். "யாழ்ப்பாணமா? அப்ப பாயிலதான் இருக்கமாட்டீங்க, தோணியிலயாவது இருங்க" என்றார். தோணியே சிரித்தது. நானும் உட்கார்ந்து சிரித்தேன்.

அக்கரையில் இறங்கியபோது மண்டூர் முருகன் கோயிலில் பூசை நேரம். அங்கே மந்திரம் கேட்காது. பூசகரான கப்புகனார் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு, ஒரு சொல்லும் பேசாமல் பூசை செய்கிறார். கும்பிடுகிறவர்களும் அப்படியே அடங்கி நிற்கிறார்கள். நான் செருப்பைக் கழற்றி ஓரமாக நின்று கும்பிட்டேன்.

பிறகு வட்டை என்கிற வயல்வெளியின் வரம்பு வழியே இரண்டு மைல் நடை. அறுத்து முடிந்த வயல், நல்ல வெயில். வீட்டு வாசலில் பூரணத்தின் கணவர் சாமித்தம்பி வரவேற்று இளநீர் தந்தார். பூரணம் பிள்ளையின் முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு உள்ளேயே இருந்தாள். வெட்டுவதற்குப் பயமா என்று கேட்டேன்.

"வெட்டுறதுக்குப் பயமில்ல. என்ட புள்ளயப் பாக்குற ஆக்கள் எல்லாரும் ஒரு கதை சொல்லிப்போட்டுத்தான் போறாங்க. கிரகணத்துல அருவாளத் தொட்டனாம், போன பிறப்புல பாவம் செஞ்சனாம். வெட்டுறவரும் ஒண்டு சொல்லுவாரு. இனிக் கேக்க ஏலா."

கையில் இருந்தது எங்கள் சத்திரசிகிச்சை அறையில் எடுத்த ஒரு படம்தான். முகமூடி கட்டிய டொக்டர்கள் மேசையைச் சுற்றி நிற்கும் படம். பார்த்தவர்கள் பயப்படுவார்கள் என்று அதுவரை வெளியே எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் நீட்டினேன். பூரணம் அதை நெடுநேரம் பார்த்தாள்.

"இவங்களும் வாய் கட்டித்தான் செய்யிறாங்களா?"

"ஓம்."

"அப்ப கதைக்கமாட்டாங்க."

அதற்கும் ஓம் என்றேன். சொன்ன கையோடு பெரிய டொக்டரின் மூன்று மொழியும் ஞாபகம் வந்தது. கதையாமல் செய்வாரென்றால் கொண்டுவருகிறேன் என்று அவள் எழும்பிவிட்டாள். சாமித்தம்பி ஒரு மண்முட்டி நிறைய எருமைத் தயிரைக் கட்டித் தந்தார். பஸ்ஸில் அது என் மடியில் பாதி கொட்டியது தனிக் கதை.

மறுநாள் காலை, பயணிகள் தங்கும் வாடிவீட்டில் பெரிய டொக்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். தேநீர் ஆறும்வரை திட்டினார். திட்டி ஓய்ந்து, "அந்தக் கப்புகனார் எவ்வளவு நேரம் கதைக்காமல் இருப்பார்?" என்று கேட்டார். பூசை முடியும்வரை என்றேன். "அவரால் முடியுமென்றால் எனக்கென்ன?" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

சத்திரசிகிச்சை அறையின் சன்னல் விறாந்தைப் பக்கம். சன்னலுக்குக் கீழே பூரணம் வந்து உட்கார்ந்தாள். உள்ளே இருமினாலும் வெளியே கேட்கும். பெரிய டொக்டர் முகமூடியை இரட்டை முடிச்சாகக் கட்டிக்கொண்டார். அன்றைக்குத் திட்டு முழுவதும் புருவத்தில்தான். நேர்ஸ்மார் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு பெரும்பாடு.

வரம்புத் தையலுக்கு நேரம் வந்தது. நீல மையால் இரண்டு புள்ளி வைத்துவிட்டு ஊசிக்குக் கை நீட்டினார். கொடுத்தேன். வழக்கமாக அந்த இடத்தில் அவருடைய பெரிய பிரசங்கம் நடக்கும். இப்போது பிரசங்கத்துக்கு வழியில்லை. ஊசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஊசியை என் கையிலேயே திருப்பி வைத்து, மணிக்கட்டைப் பிடித்து முதல் புள்ளிக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டார். அவர் சொல்லிச் சொல்லிப் புளித்த அத்தனையும் அந்த அமைதியில் ஒவ்வொன்றாக என் காதில் கேட்டது. தைத்தேன். இரண்டு புள்ளியும் ஒன்றாயின. வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷம் எனக்குச் சில தடவைதான் வந்திருக்கிறது.

வெளியே வந்ததும் முகமூடியை அவிழ்த்துவிட்டு, என் தையல் இறுக்கம் என்று அடைத்து வைத்திருந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தார். பூரணத்துக்கு அது காதில் விழவேயில்லை. வீங்கிய உதட்டையும் கறுப்பு நூலையும் பார்த்துக்கொண்டிருந்தவள், சேலைத் தலைப்பைப் பிள்ளையின் முகத்திலிருந்து முழுவதும் எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"இனி ஆக்கள் கதைக்கட்டும், டொக்டர் ஐயா."

போகிறவர்களுக்கு: நான் சொன்ன கட்டணமெல்லாம் அந்தக் காலத்தது, இப்போதையதைத் துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். வெயிலுக்கு முன் வாவியைக் கடந்துவிடுங்கள். தயிர் முட்டியை மடியில் வைக்காதீர்கள். மண்டூர்க் கோயிலில் பூசை நேரத்தில் வாய் திறக்காதீர்கள். அந்தப் பக்கம் மேலுதட்டில் மெல்லிய கோடுள்ள ஒரு பெண் வாய்விட்டுச் சிரிக்கக் கண்டால், நீங்களும் சிரியுங்கள். உதட்டைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லாதீர்கள். வெட்டுகிறவர் கதைக்கமாட்டார் என்று அவள் தாய்க்கு நான் கொடுத்த வாக்கில் உங்களையும் சேர்த்துக்கொண்டேன்.