பிளேடு போட்ட பக்கம்

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நான் விஞ்ஞானப் புனைவு எழுத்தாளன் இல்லை. திருப்பதி புத்தகக் கண்காட்சியில் மைக் வைத்து, நாற்பது நாற்காலிகளுக்கு முன்னால் அறிவித்துவிட்டார்கள். நாற்காலிகள்தான் நாற்பது. ஆட்கள் ஒன்பது பேர்.

சரி, அதற்கு முன்னால் மட்டும் நான் என்னவாக இருந்தேன்?

என் நாவல் புலம்பலை இந்தப் பத்தியில் பல வாரங்களாகப் பொறுத்துக்கொண்டவர் நீங்கள். புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வரி: போன் தயாரிக்கும் தொழிற்சாலையில் ஒரு இயந்திரக் கை, பக்கத்தில் நிற்கும் பெண்ணுக்குப் பரிந்துகொண்டு வேலை செய்ய மறுக்கிறது. அவ்வளவுதான் கதை.

சித்தூர் இலக்கிய நண்பர் படித்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு... ஆனா மெஷின் வருதே, இத எப்படி இலக்கியம்னு சொல்றது?” என்றார். சென்னைப் பதிப்பாளர், “ஆந்திராவுல நடக்குற கதைய இங்க யார் சார் படிப்பா?” என்றார். தெலுங்கு எழுத்தாளர் ஒருவரிடம் போனேன். தமிழில் எழுதிவிட்டு எங்களிடம் வந்தால் எப்படி என்று காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். காபி நன்றாக இருந்தது.

எனவே நானே போட்டுக்கொண்டேன். அச்சகக்காரர் கல்யாணப் பத்திரிகை அடித்துப் பழகியவர். “மொதல் புஸ்தகம்... நாலு மூலைக்கும் மஞ்சள் வெச்சிடலாமா சார்?” என்று கேட்டார். என்னிடம் அக்கறையாகப் பேசிய ஒரே ஆள் அவர்தான்!

மிச்சம் இருந்தது விஞ்ஞானப் புனைவு வட்டம். திருப்பதியில் இருக்கும் தமிழ் ஆட்கள் சிலர் சேர்ந்து நடத்துவது. கண்காட்சியில் அவர்களுக்கு ஒரு ஸ்டால், ஒரு மேடை. அந்த மேடையில் அரை மணி நேரம் நாவலைப் பற்றிப் பேசினால் புத்தகத்தை நாலு பேராவது கையில் எடுப்பார்கள். இல்லையென்றால்... என் கட்டிலுக்கு அடியில் இருக்கும் பெட்டிகளை நான் மட்டும்தான் எடுப்பேன்.

வட்டத்தின் தலைவர் ஓய்வுபெற்ற இன்ஜினியர். நாவலைப் புரட்டியவர், நன்றிப் பக்கத்தில் நின்றுவிட்டார். அதில் நான் எழுதியிருந்தது இது: ‘இந்நாவலின் அறிவியலைத் திருத்தியவர், வடமாலபேட்டை தேவகி.’

“யார் இவங்க? புரொபசரா?”

“இல்ல சார். எங்க கம்பெனி பஸ்ல வர்றவங்க. லைன்ல போன் மூடி செக்கிங்.”

மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “நம்ம ஜானரையே கொழந்தைங்க சமாச்சாரம்னு சொல்லிட்டிருக்காங்க. நீங்க இப்படிப் போட்டா யார் மதிப்பாங்க? இந்தப் பக்கத்த எடுத்துடுங்க. மேடை நான் தர்றேன்.”

தேவகியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறவன். மெஷினைத் தூரத்திலிருந்து பார்த்தவன். எழுத எழுத, காலை பஸ்ஸில் வாசித்துக் காட்டுவேன். என் முதல் வடிவத்தில் இயந்திரம் இரக்கப்பட்டு நின்றது. தேவகி டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சொன்னாள்:

“அண்ணா, மெஷின் பாவம் பாத்துலாம் நிக்காது. முன்னாடி லைட் கர்ட்டன்னு ஒண்ணு கீது. வெளிச்சத்தாலயே ஒரு திரை. கை உள்ள போனா அது கட் ஆவும், மெஷின் நின்னுடும். கைய எடுத்து ரீசெட் அமுக்கினா மறுபடி ஓடும்.”

“அப்போ கதை?”

“ரீசெட் அமுக்கியும் அது நின்னுகினே இருந்துச்சுன்னு எழுது. எல்லாம் சரியா கீது, ஆனா ஓடல. அப்பதான் நான் லைன வுட்டு ஓடுவேன்.”

என் நாவல் பிறந்தது அங்கேதான். இதைத் தலைவரிடம் சொன்னேனா? சொல்லவில்லை. “எடுத்துடறேன் சார்” என்றேன்.

வீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு பிரதியாக, ஸ்கேல் வைத்து, பிளேடு போட்டேன். என் மனைவி எட்டிப் பார்த்து, “சொந்தமா போட்டதே யாரும் கை வெக்கக் கூடாதுன்னுதானே?” என்றாள். அடுத்த பிரதியை எடுத்து ஸ்கேலை வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. மேடை ஆரம்பிக்கக் கால் மணி நேரம். ஸ்டாலில் தேவகி நிற்கிறாள். கல்யாணத்துக்குப் போகிற புடவை. கூடவே கணவரும் மாமியாரும்.

“எங்க அத்த நம்பவே மாட்டேன்றாங்கண்ணா. என் பேரு புக்குல வந்துகீதுன்னு காட்றதுக்கோசரம் கூட்டாந்தேன்.” சொல்லிக்கொண்டே பிரதியை எடுத்தாள். புரட்டினாள். மறுபடி முதலிலிருந்து புரட்டினாள். “பேரு எங்கண்ணா?”

“அது... பிரிண்டிங் மிஸ்டேக்மா. அந்தப் பக்கம் மட்டும் விட்டுப்போச்சு.”

அவள் புத்தகத்தை விரித்து, வெளிச்சத்துக்குத் தூக்கி, முதுகோரம் துருத்திய காகித விளிம்பை விரலால் தடவினாள். இன்னொரு பிரதியை எடுத்தாள். அதையும் தடவினாள். தினமும் ஆயிரக்கணக்கில் போன் மூடியை இப்படித்தான் தடவிப் பார்க்கிறவள்.

“மிஸ்டேக்னா ரெண்டுலயும் இவ்ளோ நேரா ஓரம் நிக்காதுண்ணா,” என்றாள். “இது பிளேடு.”

மாமியார் என்னைப் பார்த்தார். கணவர் பக்கத்து ஸ்டாலில் சமையல் புத்தகத்தைப் பார்த்தார். தேவகி இரண்டு பிரதிகளையும் எடுத்த இடத்தில் நேராக வைத்துவிட்டு, “போலாம் அத்த” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

மேடையில் தலைவர் என் ‘துறை சார்ந்த ஆய்வை’ப் பாராட்டிக்கொண்டிருந்தார். மைக் என்னிடம் வந்தது. அறிவியல் என்னுடையது இல்லை, தேவகியுடையது, பக்கத்தை வெட்டியது நான் என்று சொல்லிவிட்டேன். தேவகி அதற்குள் பஸ் ஏறியிருப்பாள். கேட்க வேண்டியவள் போன பிறகு உண்மை பேசி என்ன பிரயோஜனம்? தலைவர் மைக்கை வாங்கி, “தகுதி இல்லாத தகவல்களை வைத்து எழுதப்பட்டது விஞ்ஞானப் புனைவு ஆகாது” என்றார். ஒன்பது பேரில் மூன்று பேர் கைதட்டினார்கள். என் பிரதிகளை ஸ்டாலிலிருந்து பெட்டியில் போட்டுக் கொடுத்தார்கள்.

இலக்கியம் இல்லை, தமிழ்நாட்டுக் கதை இல்லை, தெலுங்கு இல்லை, இப்போது விஞ்ஞானமும் இல்லை. அவரவர் வேலிக்குள் யாரைச் சேர்க்கக் கூடாது என்பதில் மட்டும் எல்லோரும் எவ்வளவு ஒற்றுமை! அந்த வேலிக்குள் நுழைய நானே பிளேடு எடுத்தவன்... யாரைத் திட்டுவது?

அன்று ராத்திரியே அச்சகத்தில் நன்றிப் பக்கத்தைத் திரும்ப அடித்து வாங்கி, பசை தடவி ஒட்டிக்கொண்டிருக்கிறேன். ஒட்டு நன்றாகத் தெரிகிறது. தெரியட்டும்.

திங்கட்கிழமை காலை முதல் ஒட்டுப் பிரதியை பஸ்ஸில் நீட்டினேன். தேவகி வாங்கினாள். தன் பெயரைப் பார்த்தாள். ஒட்டிய இடத்தைத் தடவினாள்.

“ரீவொர்க் பீஸ்,” என்றாள். பழுது பார்த்துத் திரும்பி வந்த பொருளுக்கு லைனில் அதுதான் பேர். “அத்தைக்குக் காட்டிக்கிறேன். அடுத்த கதைக்கு சயின்ஸ் வேணும்னா வேற பஸ்ல கேட்டுக்கோண்ணா.”

நான் அதே பஸ்ஸில்தான் போகிறேன். உட்கார யாரும் நகர்ந்து கொடுப்பதில்லை, நின்றுகொண்டே போகிறேன்.