பள்ளத்தி மீனைப் பார்க்க வந்த சங்கம்

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் திருவனந்தபுரத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் விலங்கியல் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். மீன்களை ஆராய்கிறவர்களுக்கென்று ஊரில் ஒரு சிறு சங்கம் இருந்தது. எல்லோரும் ஆண்கள். அதில் சேர எனக்கு ஆசை. பழைய உறுப்பினர் ஒருவர் நம் பெயரை முன்மொழிய வேண்டும். பிறகு நாமே நேரில் கண்ட ஏதாவது ஒன்றைக் கூட்டத்தில் காட்டிப் பேச வேண்டும். என் பேராசிரியர் முன்மொழிந்தார். மீன்வளத் துறை அதிகாரி ஒருவர்தான் செயலாளர். என்னிடம் அவர் கேட்ட முதல் கேள்வி:

"சைவ வீட்டுப் பெண்ணல்லோ? மீன் சாப்பிடுவீர்களோ?"

"இல்லை சார், பார்ப்பேன்."

சிரித்துவிட்டு, அடுத்த கூட்டத்தில் பேசச் சொன்னார்.

காட்டுவதற்கு என்னிடம் ஒரு ஜோடி பள்ளத்தி இருந்தது. விரல் நீள மஞ்சள் மீன்கள், வேளிக் காயலை ஒட்டிய குளத்தில் பிடித்தவை. கண்ணாடித் தொட்டியில் போட்டு வீட்டுக்குப் பின்னால் மாட்டுத் தொழுவத்தருகே வைத்திருந்தேன். அடுக்களைப் பக்கம் மீன் வாடை வரக் கூடாதென்பது மாமியாரின் கண்டிப்பு. அந்த ஜோடி ஓர் ஓட்டுச்சில்லில் முட்டையிட்டு, மாறி மாறித் துடுப்பால் விசிறிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் கல்லூரியிலிருந்து வந்தபோது மாமியார் வாசலிலேயே நின்றிருந்தார்.

"ஏட்டி, ஒன் மீனு முட்டையை எல்லாம் தின்னுட்டு. ஒண்ணுகூட இல்ல."

புத்தகங்களைக்கூட வைக்காமல் பின்னால் ஓடினேன். சில்லு காலியாகத்தான் இருந்தது. ஆனால் தொட்டி மூலையில் மணலில் புதிதாக ஒரு குழி. அதற்குள் கடுகு கடுகாக எதுவோ துடித்துக்கொண்டிருந்தது.

"தின்னல, அத்தை. பொரிச்ச குஞ்சைத் தூக்கிட்டு வந்து இங்க வச்சிருக்கு."

"தூக்கிட்டா? வாயாலயா?" என்று குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை.

குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும் இன்னொன்றைக் கண்டேன். அவை தாய் தகப்பன் உடம்பில் போய்ப் போய்க் கொத்தின. பெரிய மீன்கள் விலகாமல் நின்று கொடுத்தன. இதைத்தான் பேசுவதென்று தீர்மானித்தேன். ஆனால் தொட்டியை ஜட்கா வண்டியில் ஏற்றினால் பெரியவை மிரண்டுபோய்க் குஞ்சுகளைத் தின்றுவிடுமோ என்று பயம். கூட்டத்தைத் தள்ளிவைக்க முடியுமா என்று செயலாளரிடம் போய்க் கேட்டேன்.

"எதற்கு? நாங்கள் அங்கே வரலாமல்லோ," என்றார்.

மாமியாரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. என் கணவர்தான் சொன்னார். "வரட்டும். கையில மீனு எதுவும் கொண்டுவரப்பிடாதுன்னு சொல்லிரு," என்று மாமியார் முடித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஏழெட்டுப் பேர் வந்து தொழுவத்தருகே பெஞ்சிலும் பாயிலும் உட்கார்ந்தார்கள். இங்கிலீஷில் தயார் செய்திருந்த பேச்சு பாதியில் நின்றுவிட்டது. "பாருங்கள்," என்று மட்டும் சொல்லி நகர்ந்துகொண்டேன். குஞ்சுகள் சும்மா சுற்றிக்கொண்டிருந்தன. அப்புறம் ஒன்று போய்க் கொத்தியது. பின்னாலேயே ஒரு கூட்டம்.

"ஒட்டுண்ணியைத் தின்கின்றன," என்றார் மூத்த உறுப்பினர். பாசியாக இருக்கும் என்றார் இன்னொருவர். இருவரும் வாதாடிவிட்டு என் பக்கம் திரும்பினார்கள்.

"தெரியவில்லை, சார். தினமும் செய்கின்றன. இன்றைக்கு அவ்வளவுதான் சொல்ல முடியும்."

மூத்தவர் என்னைக் கொஞ்சம் பார்த்துவிட்டு முதலில் கை தூக்கினார். மற்றவர்களும் தூக்கினார்கள். நான் உறுப்பினரானேன்.

அரிசி கிடைக்காத காலம். மாமியார் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கில் அடை சுட்டு வந்து பரிமாறினார். செயலாளரின் இலையருகே நின்று, "இந்த மீனையும் நீங்க திம்பியளா?" என்று கேட்டார்.

"வறுத்தால் நன்றாக இருக்கும், அம்மா."

"அப்ப இதத் தின்னுங்க," என்று இன்னும் இரண்டு அடையை வைத்தார்.

பிறகு மாதக் கூட்டங்களுக்குப் போகத் தொடங்கினேன். முதலில் நான் நுழைந்ததும் பேச்சு நின்றுவிடும். ஒரு வருஷம் கழித்து என்னோடும் சத்தமாகச் சண்டை போட்டார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

குஞ்சுகள் வளர்ந்து தொட்டி போதாமல் போனபோது குடத்தில் எடுத்துக்கொண்டு வேளிக்குப் போனோம். மாமியாரும் வந்தார். குளக்கரையில் குடத்தை என் கையிலிருந்து வாங்கி அவரே சாய்த்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு, காற்று நன்றாக இருக்கிறது, கொஞ்சம் இருந்துவிட்டுப் போகலாம் என்றார்.