மடித்து வைத்த நான்காவது கட்டம்

எங்கள் வீட்டில் நானும் அத்தையும்தான் குண்டு. அப்பா, அம்மா, அக்கா மூவரையும் நிற்கவைத்துப் போட்டோ எடுத்தால் பின்னால் இருக்கும் ஜன்னல் முழுசாகத் தெரியும். நானோ அத்தையோ சேர்ந்துகொண்டால் ஜன்னல் போய்விடும். ஆறாம் வகுப்பில் எனக்குப் பத்தாம் வகுப்புப் பையனின் பேன்ட்டை வாங்கி, காலில் வெட்டிய துணியில் அக்காவுக்கு ஒரு பென்சில் பை தைத்தார்கள். அந்தப் பையைப் பள்ளியில் எல்லோரிடமும் காட்டி, "இது என் கால்" என்று நானே சொல்லிவைத்தேன். மற்றவர்கள் கேலி செய்வதற்குள் நானே செய்துகொண்டுவிட்டால் வலிக்காது என்று கண்டுபிடித்திருந்தேன். இன்றுவரை அதை வைத்துத்தான் பிழைக்கிறேன்.

அத்தை அப்பாவின் தங்கை. மாமா வீட்டிலிருந்து இரண்டு சூட்கேஸோடு மேடவாக்கத்தில் எங்கள் அடுக்ககத்துக்கு வந்தார். ஒரு மாசம் இருப்பாள் என்று அப்பா சொன்னார். இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பக்கத்துப் பள்ளி ஒன்றில் மூன்றாம் வகுப்பு டீச்சராகச் சேர்ந்திருந்தார். வந்தபோது என்னைவிடக் கொஞ்சம்தான் பெரிய உருவம். இரண்டு வருஷத்தில் என்னை வெகுதூரம் முந்திவிட்டார்.

அவராகவே ஒருநாள் தாம்பரத்தில் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு வந்தார். மாத்திரை தருகிற டாக்டர் இல்லை, உட்காரவைத்துப் பேசுகிற டாக்டர். அம்மாவுக்கு அது பிடிபடவேயில்லை.

"சாப்பாட்டைக் குறைக்க மனசு டாக்டர் எதுக்கு? வாயை மூடினா போதாதா?" என்றார்.

"வாய்க்கும் அவங்கதான் டாக்டராம் அண்ணி," என்று அத்தை சிரித்தார்.

டாக்டரம்மா எடை பார்க்கும் மெஷினில் ஏறவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பதில் சில விதிகள். வீட்டில் ஒரே நாற்காலியில் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். சாப்பிடும்போது டிவி கூடாது. தட்டு சின்னதாக இருக்க வேண்டும். முறுக்கு டின் கண்ணில் படாத இடத்தில் இருக்க வேண்டும். டின்னைப் பரணில் ஏற்றியதில் அதிகம் பாதிக்கப்பட்டவன் நான்தான். என்னைத் தாங்கும் ஸ்டூல் எங்கள் வீட்டில் கிடையாது.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு நோட்டு. வாயில் எது போனாலும் உடனே எழுத வேண்டும். அத்தை ஸ்கேல் வைத்து நான்கு கட்டம் போட்டார். எத்தனை மணிக்கு, என்ன, எங்கே. நான்காவது கட்டத்தின் தலைப்பு, 'சாப்பிடுவதற்கு முன் மனசில்'.

வீட்டில் யாராவது ஒருவர் தினமும் நோட்டைப் பார்த்து உற்சாகப்படுத்த வேண்டுமாம். அத்தை என்னைத் தேர்ந்தெடுத்தார். மூன்று கட்டமும் நிரம்பியிருந்தால் அந்தப் பக்கத்தில் நான் ஒரு தங்க நட்சத்திரம் ஒட்டலாம். அவர் வகுப்புக்காக வாங்கிவைத்திருந்த நட்சத்திரங்கள். நான்காவது கட்டத்தை மட்டும் நீளவாக்கில் உள்பக்கமாக மடித்துக் கொடுப்பார்.

"இது டீச்சர்ஸ் மட்டும். மானிட்டருக்கு மூணு கட்டம்தான். சரியா குட்டி?"

குட்டி என்று என்னைக் கூப்பிட உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் மனசு வந்தது. ஏன் என்னைத் தேர்ந்தெடுத்தார் என்று நான் யோசிக்கவில்லை. என் கண்டிப்புக்குக் கிடைத்த பதவி என்றே நினைத்தேன். வீட்டில் அவர் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாத ஆள் நான் ஒருவன்தான் என்பது பின்னால்தான் தோன்றியது.

வாராவாரம் அவரோடு நானும் தாம்பரம் போவேன். ஷேர் ஆட்டோவில் நாங்கள் ஏறினால் உள்ளே இருப்பவர்கள் கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொள்வார்கள். ஒருநாள் சேலையூர் தாண்டியதும் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாக்கா, ஓரமா குந்திக்கினு கீற? நடுவுல வா. உனுக்கு அந்தாண்ட அந்தத் தம்பிய போட்டா வண்டி நேரா போவும்."

ஆட்டோவே சிரித்தது. நானும் சிரித்தேன். அத்தையும் சிரித்துக்கொண்டே நடுவில் நகர்ந்து உட்கார்ந்தார்.

நோட்டு வேலை செய்தது. இரண்டு மாதத்தில் அத்தையின் ரவிக்கைகளை டெய்லரிடம் பிடித்துத் தைக்கக் கொடுத்தார்கள். காலையில் அடுக்ககத்தைச் சுற்றி மூன்று சுற்று நடந்தார். நின்றுகொண்டே சாப்பிடுவது குறைந்தது. பேச்சில் ஏதோ ஒரு லேசு வந்திருந்தது. இன்னும் நான்கு மாதம் இப்படியே போனால், தனியாக வீடு எடுத்துப் போகும் அளவுக்குத் தைரியம் வந்துவிடும் என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். அதற்கும் உடம்புக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. வேண்டாம் அத்தை, இங்கேயே இருங்கள் என்றேன்.

அப்போது நவராத்திரி வந்தது. எங்கள் வீட்டில் ஐந்து படி கொலு. வருகிறவர்கள் பாட வேண்டும், பாடத் தெரியாதவர்கள் பாடும்வரை சுண்டல் கிடைக்காது. வீட்டுப் பிள்ளைகளுக்கும் அதே சட்டம். அக்கா பாட்டு கற்றுக்கொண்டிருந்தாள், தினமும் ஒன்றைப் பாடிவிட்டுக் கொண்டைக்கடலையோடு போய்விடுவாள். எனக்குக் குரலும் கிடையாது, சுண்டலை விடுகிற உத்தேசமும் கிடையாது. ஆகவே மிமிக்ரி. நாலு நாளில் எனக்குத் தெரிந்த எல்லாக் குரலும் தீர்ந்துபோயின.

ஐந்தாம் நாள் மாலை கூடத்தில் எட்டுப் பத்துப் பெண்கள். அம்மா வெற்றிலைபாக்குத் தட்டோடு, அத்தை சுண்டல் கிண்ணங்களோடு.

"இன்னைக்கு என்னடா ஐட்டம்?" என்றார் எதிர்வீட்டு ஆன்ட்டி.

என்னிடம் ஒன்றும் இல்லை. கண்ணில் பட்டது டிவி மேலிருந்த நோட்டு. எடுத்துக்கொண்டு கொலுவுக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். தொண்டையைச் சரிசெய்து, செய்தி வாசிக்கும் குரலில் ஆரம்பித்தேன்.

"வணக்கம். தலைப்புச் செய்திகள். திங்கள் காலை எட்டு மணி. இட்லி மூன்று. நாற்காலியில்."

சிரிப்பு வந்தது. போதவில்லை. மேடையில் நிற்கிறவனுக்குத் தெரியும், சிரிப்பு போதாவிட்டால் கை தானாக வேறு எதையாவது தேடும். என் கை அந்த மடிப்பைப் பிரித்தது.

"மாலை நாலரை. முறுக்கு மூன்று. சமையலறையில், நின்றுகொண்டு. மனசில்: மூன்று பி-யில் ஒரு பையன் போர்டில் யானை வரைந்து கீழே என் பெயர் எழுதியிருந்தான்."

கூடம் குலுங்கியது. எதிர்வீட்டு ஆன்ட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அத்தை கிண்ணத்தோடு அப்படியே நின்றார். அவர் முகத்திலும் சிரிப்பு இருந்தது, ஆட்டோவில் இருந்த அதே சிரிப்பு.

"செவ்வாய் இரவு ஏழு மணி. கேக் இரண்டு துண்டு. மனசில்: ஆட்டோக்காரர் சொன்னது. எல்லோரும் சிரித்தார்கள். குட்டியும் சிரித்தான்."

அந்தக் குட்டி நான்தான் என்று கட்டைவிரலால் நெஞ்சைக் காட்டினேன். என் பெயர் நோட்டில் வந்திருப்பதில் எனக்கு அவ்வளவு பெருமை. இந்தமுறை யாரும் அதிகமாகச் சிரிக்கவில்லை. குரலை உயர்த்தினேன்.

"சனி காலை பதினொன்று. பூரி நான்கு. குளியலறையில். மனசில்: அண்ணி போனில், இன்னும் எத்தனை நாளைக்கு இவளுக்கு வடிச்சுக் கொட்டுறது என்று. நான் வீட்டில் இருப்பது அண்ணிக்குத் தெரியாது."

கீழே தண்ணீர் லாரி ஒன்று பின்னால் வரும் சத்தம் அவ்வளவு தெளிவாக அதற்கு முன் எங்கள் கூடத்தில் கேட்டதில்லை. அம்மாவின் கையில் தட்டு சாய்ந்து ஒரு பாக்கு மட்டும் உருண்டு போனது. அக்கா வந்து நோட்டைப் பிடுங்கினாள். எனக்குக் கைதட்டல் வராதது ஏமாற்றமாக இருந்தது.

அம்மா என் காதைப் பிடித்தபோது அத்தைதான் விலக்கிவிட்டார். "விடுங்க அண்ணி. சின்னப் பையன்தானே." எனக்குரிய சுண்டலையும் கையில் கொடுத்தார். சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது.

அதற்குப் பிறகு அம்மா அத்தையிடம் மிகவும் அன்பாக நடந்துகொண்டார். எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் மன்னிப்பு கேட்டதில்லை, தோசை ஊற்றுவார்கள். இன்னொண்ணு வச்சுக்கோ, நெய் விடட்டுமா என்று அம்மா தட்டின் பக்கத்திலேயே நின்றார். வேண்டாம் என்றால் மன்னிக்கவில்லை என்றாகிவிடும். அத்தை வைத்துக்கொண்டார். சின்னத் தட்டு எப்போது பெரிய தட்டானது என்று மானிட்டராகிய நான் கவனிக்கவில்லை.

இப்போது அத்தை பெருங்களத்தூரில் தனியாக இருக்கிறார். அந்த நான்கு மாதம் எட்டு வருஷமாக நீண்டு, கடைசியில் போனார். முழங்கால் ஒத்துழைப்பதில்லை. நான் பார்க்கப் போனால் என் ஜோக்குகளுக்கு இன்றும் முதலில் சிரிப்பவர் அவர்தான். அப்போதெல்லாம் நான் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. எனக்கும் இப்போது அதே மாதிரி ஒரு டாக்டர் வாய்த்திருக்கிறார். நோட்டுக்குப் பதில் போனில் கட்டங்கள். கடைசிக் கட்டத்தில் மூன்று வாரமாக ஒரே வார்த்தையை டைப் செய்துவந்தேன். இப்படி எழுத யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று அவர் கேட்டார். ஒரு ஜோக் சொல்லிச் சமாளித்தேன்.

அந்த வருஷக் கொலு முடிந்து இரண்டு வாரம் கழித்து, வழக்கம்போல நானும் அத்தையும் தாம்பரம் போனோம். டாக்டரம்மா நோட்டைப் புரட்டினார். எப்போதும் நான்காவது கட்டத்தில் நின்று நிதானமாகப் படிப்பவர், அன்று வேகமாகப் புரட்டிக்கொண்டே போனார். கொலுவுக்குப் பிறகு எந்தப் பக்கத்திலும் மடிப்பு இல்லை. நான்கு கட்டமும் எனக்குத் திறந்துவிடப்பட்டிருந்தன. பதவி உயர்வு என்று நினைத்திருந்தேன். தோசை ஐந்து, நாற்காலியில், மனசில்: ஒன்றுமில்லை. உப்புமா, நாற்காலியில், ஒன்றுமில்லை. பக்கம் பக்கமாக, அழகான டீச்சர் கையெழுத்தில், ஒன்றுமில்லை.

டாக்டரம்மா தலை நிமிர்ந்து அத்தையைப் பார்த்தார். நல்ல செய்தியை நானே சொல்லிவிடலாம் என்று முந்திக்கொண்டேன்.

"அத்தைக்குச் சரியாயிடுச்சு டாக்டர். இப்பல்லாம் மனசுல ஒண்ணுமே இல்ல."

அத்தை என் சட்டைக் காலரைச் சரிசெய்தார். "ஆமா டாக்டர். இவன்தான் செக் பண்றான்," என்றார்.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் யாரும் சொல்லாமலே நடுவில் போய் உட்கார்ந்தார். வீட்டுக்கு வந்ததும் அன்றைய பக்கத்தை எழுதி என்னிடம் நீட்டினார். நான்கு கட்டமும் ஒழுங்காக நிரம்பியிருந்தன. அவ்வளவு சுத்தமான பக்கத்துக்கு ஒன்று போதாது என்று தோன்றியது. இரண்டு நட்சத்திரம் ஒட்டினேன்.