பையில் கிடந்த பிரேக் கட்டை

தொண்ணூறுகளில் நானும் நண்பன் செல்வமும் இடைசெவலில் இருந்து ராமேஸ்வரத்துக்கு சைக்கிளிலேயே போனோம். திரும்பும்போது கழுகுமலை கோயிலுக்கும் சுற்றிப் போக, ஊருக்கு அருகே மழை பிடித்துக்கொண்டது. குறுக்குப்பாதையின் கரிசல் மண் சக்கரத்தில் அப்பிக்கொள்ள, சைக்கிள் நகர மறுத்தது. எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதுபோல, மண் அடைக்காமலிருக்க பிரேக் கட்டைகளைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு உருட்டியே போனோம்.

மறுநாள் காலை கழுகுமலை கோயிலில் தேங்காய் உடைத்துப் பயணத்தை முடித்தோம். ஊருக்குள் கம்பீரமாக நுழைய வேண்டாமா? சைக்கிளைக் கழுவி, செயினுக்கு எண்ணெய் விட்டு, ஹேண்டில்பாரில் ஒரு பூமாலைகூடக் கட்டினேன்.

வழியெல்லாம் சமதரை, பிரேக்கைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. எங்கள் ஊருக்குச் சற்று முன்னால் ஓடைச் சரிவில் வேகமாக இறங்கினேன். கீழே குறுகிய பாலத்தில் எதிரே பஸ். பிரேக்கை அழுத்தினேன். கம்பிதான் ஆடியது, வேகம் துளிகூடக் குறையவில்லை. கட்டைகள் இன்னும் பையிலேயே கிடப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"ஏலே, ஒடிலே! எடது பக்கம் ஒடிலே!" பின்னால் வந்த செல்வம் அலறினான்.

ஒடித்தேன். சாலையோரம் விறகுக்காகக் குவித்திருந்த காய்ந்த பருத்திமார்ச் செடிகளுக்குள் சைக்கிளோடு போய்ச் செருகினேன். பஸ் உறுமிக்கொண்டு கடந்தது. செல்வமோ இரண்டு காலையும் தரையில் தேய்த்துத் தேய்த்து வந்து நின்றான். அவனுக்கும் பிரேக் இல்லை!

அங்கே பருத்திமார் கட்டிக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மா ஓடிவந்து என்னைத் தூக்கினார். ஹேண்டில்பாரைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"மாலையையும் நீயே வாங்கிக் கட்டிட்டு வந்துட்டியேலே!"

வீடுவரை சைக்கிளை உருட்டியேதான் போனோம்.

இன்றும் மழையில் பிரேக் கட்டையைக் கழற்றத்தான் செய்கிறேன். ஆனால் பையில் போடுவதில்லை. சீட்டின் மேலேயே கட்டிவைக்கிறேன். மாட்ட மறந்தால் உட்காரவே முடியாது.