வத்தல் வியாபாரிக்கு வந்த ஹெல்மெட் அபராதம்

மூணாங்கிளாசோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் கோவில்பட்டியில் மிளகாய் வத்தல் விஷயத்தில் என் கண்ணை ஏமாற்றியவன் இன்னும் பிறக்கவில்லை. அப்பேர்ப்பட்ட எனக்கு, போன மாசியில், ஹெல்மெட் போடவில்லை என்று செல்போனில் அபராதம் வந்தது. கூடவே கேமரா எடுத்த படம்.

ஹெல்மெட் இல்லாமல் இல்லை. நாகலாபுரத்தில் வெள்ளாமை செய்யும் ஒரு சம்சாரியின் களத்தில் காய்ந்த வத்தலைப் பார்த்துச் சொக்கிப்போனேன். பை கொண்டுபோகவில்லை, சாம்பிளை ஹெல்மெட்டுக்குள் அள்ளி வண்டியில் முன்னால் வைத்துக்கொண்டு வந்தேன். இன்னும் இரண்டு வெயில் காயட்டும், வேறு எவனும் மோப்பம் பிடிப்பதற்குள் வாங்கிவிடலாம் என்று கணக்கு.

அபராதம் கட்டுவதா, கோர்ட்டுக்குப் போவதா? எனக்கு எவனிடமும் தலைகுனிந்து பழக்கமில்லை. காரம் ஏறிய இந்த ஹெல்மெட்டை நீங்களே போட்டுப் பாருங்கள் என்று ஜட்ஜிடம் கேட்கப்போவதாக வீட்டில் சொன்னேன்.

"பைனோட போறத ஜெயில் வரைக்கும் இழுக்கப் பாக்கீய" என்றாள் மனைவி.

பக்கத்துக் கடைக்காரரிடம் யோசனை கேட்டுப் போனை நீட்டினேன். அவரும் வத்தல் வியாபாரிதான், வயதில் இளையவர். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். என் முகத்தைத்தான் பார்க்கிறார் என்று மீசையை நீவிக்கொண்டேன். பார்த்தது ஹெல்மெட்டை. பிறகு, எந்த ரோடு என்று கீழே போட்டிருந்ததையும் வாய்க்குள் வாசித்தார்.

"விடாதீங்க அண்ணாச்சி. நாளைக்குக் காலையிலயே கோர்ட்டுக்குப் போயிருங்க. சாயங்காலம் வரைக்கும் ஆனாலும் இருந்து பேசிட்டு வாங்க."

பத்து வருசப் பழக்கத்தில் ஒரு டீ வாங்கித் தராத மனுசன், அன்றைக்கு வடையும் சேர்த்து வாங்கித் தந்தார். இரண்டாவது வடையில்தான் எனக்கு உறைத்தது.

மறுநாள் காலை, மகளை விட்டு அபராதத்தைப் போனிலேயே கட்டிவிட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். எவ்வளவு துடைத்தும் காரம் போகவில்லை. எட்டயபுரம் தாண்டுவதற்குள் கண்ணும் மூக்கும் ஒழுகின. களத்தில் இறங்கியதும் சம்சாரி பதறிப்போய், வீட்டில் யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். அவர் கையில் அட்வான்ஸைத் திணித்தேன். பேச்சு முடிந்தது.

மூக்கைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்துக் கடைக்காரரின் பைக் வந்து நின்றது.

"என்ன தம்பி, கோர்ட்டு இங்கனயா நடக்குது?" என்றேன்.

அவர் களத்தைப் பார்த்தார், என் கண்ணைப் பார்த்தார்.

"ஒரு பைனக் கெட்டுனதுக்கா அண்ணாச்சி இந்த அழுகை அழுதிருக்கீய?"