சுக்கான் பிடிக்க ஒரு மெஷின்

பனியன் கம்பெனிக்கு ஆட்டோமேட்டிக் மெஷின் ஒன்று வருகிறது என்றால் ஹெல்பர் ஒருத்தி வீட்டுக்குப் போகிறாள் என்று அர்த்தம். வேலம்பாளையத்தில் என் வீட்டுக்காரரோடு சேர்ந்து கம்பெனி நடத்தும் எனக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால்தான் படகுக்கு ஆட்டோபைலட் வாங்கப்போகிறேன் என்று அவர் சொன்னதும் அந்த ஹெல்பர் நான்தானோ என்று நினைத்தேன்.

கடலே இல்லாத ஊரில் இருந்துகொண்டு, பழைய பாய்மரப் படகு ஒன்றைப் புதுச்சேரியில் வாங்கி விட்டிருந்தார். சொந்தக்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள். மாதம் ஒருமுறை போவோம். அவர் பாயைப் பார்த்துக்கொள்வார், நான் பின்னால் உட்கார்ந்து சுக்கான் கட்டையைப் பிடிப்பேன். கம்பெனியில் ஆர்டரைத் தவிர வேறு பேச்சில்லாத மனுஷன், அங்கே மட்டும் என்னோடு சிரித்துப் பேசுவார்.

இப்போது அந்தக் கட்டையைத் தானாகத் தள்ளி இழுத்து, படகைத் திசை மாறாமல் கொண்டுபோக ஒரு கருவியாம். யாரைக் கூட்டிப்போகத் திட்டம்? போன் வந்தால் எழுந்து வெளியே போகிறாரா என்று கவனித்தேன். சட்டைப் பையைத் துழாவினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. ஒன்றும் கிடைக்காததே சந்தேகமாக இருந்தது.

கடைசியில் கேட்டேவிட்டேன். “ஏனுங்க, நானிருக்கறப்ப மெசினு எதுக்குங்க?”

கேட்லாக்கிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார். “ஆரும் இல்லாம ஒருக்கா போயிப் பாக்கோணும். அவ்ளோதான்.”

இன்னொருத்தி இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

இரண்டு மாடல் இருந்தன. விலை பேசுவது எப்போதும் என் வேலை, இதையும் என் தலையில் கட்டினார். சென்னை டீலரிடம் எடுத்த எடுப்பில் கேட்டேன்: நூல் அறுந்தால் எங்கள் நிட்டிங் மெஷின் நின்றுவிடும், ஆள் தண்ணீரில் விழுந்தால் உங்களுடையது நிற்குமா? சின்னது நிற்காதாம், படகு அதுபாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்குமாம். பெரியதில் கழுத்தில் மாட்டும் ரிமோட் உண்டு. ஆள் விழுந்தால் அலாரம் அடித்து, படகைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி நிறுத்தப் பார்க்குமாம். ஆனாலும் உங்களுக்குச் சின்னதே போதும் என்றார். மலிவானதை வாங்கச் சொல்லும் வியாபாரியை நான் கண்டதில்லை. விற்காமல் தேங்கிக் கிடக்கும் சரக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

சின்னதை வாங்கினால் வீட்டுக்காரர் தனியாகப் போகப் பயந்து என்னைக் கூப்பிடுவார் என்று ஒரு ஆசை வந்தது. அந்த ஆசையையும் நான் நம்பவில்லை. இந்த மனுஷன் விழுந்தாலும் விழுவார், கூப்பிடமாட்டார். பெரியதையே அனுப்பச் சொன்னேன்.

முதல் தடவை அவர் தனியாகக் கிளம்பிய அன்று, ரிமோட்டை அவர் கழுத்தில் நானே மாட்டினேன்.

“கரைக்கு வர்ற வரைக்கும் கழட்டாதீங்க” என்று சொல்லிவிட்டு, படகிலிருந்து இறங்கிக்கொண்டேன்.